ஷுகரா, ருமாட்டிக்கா, பழைய ரேயா: டர்பன் ஆசிரியை ஒருவரின் இதயம்

நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன.

வந்தபோது

வயது 55. டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளாகப் படியேறினால் மூச்சு வாங்கியது. கடைசி ஆறு மாதத்தில் சமதரையில் கொஞ்சம் வேகமாக நடந்தாலே நிற்க வேண்டியதாயிற்று. நெஞ்சுவலி ஒருநாள்கூட வந்ததில்லை. புகைப்பழக்கம் கிடையாது. ஆறு ஆண்டுகளாக ஷுகர், மெட்ஃபார்மின் மட்டும், எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி ஷுகர்) 6.9. அப்பா 58 வயதில் மாரடைப்பில் இறந்தவர்.

எங்களிடம் வருவதற்கு முன் அவருக்கு இரண்டு பதில்கள் கிடைத்திருந்தன. முதலில் ஆஸ்துமா என்று சொல்லி ஒரு பம்ப் கொடுத்திருந்தார்கள். பிறகு வேறோர் இடத்தில் எக்கோ எடுத்து, "ருமாட்டிக் வால்வு நோய், கூடவே ஷுகரால் வந்த இதய நோய் இருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். ருமாட்டிக் என்பது சிறுவயதுத் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுப்பது. இரண்டாவது பதிலைக் குறை சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில் ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் சர்வசாதாரணம். இங்குள்ள இந்திய வம்சாவளியினரிடையே ஷுகரும் சிறுவயது மாரடைப்பும் அதிகம். டர்பனில் ஒரு வார்டைச் சுற்றி வந்தால் நாயுடு, பிள்ளை, கோவிந்தர் என்று ஐம்பதைத் தொடாத பெயர்களே வரிசையாக இருக்கும். ஷுகரும் அப்பாவின் மாரடைப்பும் உள்ள ஒருவரிடம் நான்காவதாக ஒரு காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றாது.

பரிசோதனையில்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 96. இரத்த அழுத்தம் வலது கையில் 144/76, இடது கையில் 118/70. மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாளம்) வால்வின் இடத்தில் கரகரப்பான முணுமுணுப்பு, கழுத்து வரை கேட்டது. உடம்பு பூசினாற்போல இருந்தும் கழுத்து மட்டும் மெலிந்து, தோள்பட்டைக்கு மேலே தசை வற்றி, காரை எலும்புகளுக்கு மேல் குழி விழுந்திருந்தது.

ஈ.சி.ஜி. எடுக்கும்போதுதான் அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டன. மார்பெலும்பின் மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று, இரண்டு விலாப்பக்கத்திலும் ஒவ்வொன்று. கடுகளவுகூட இல்லாத நீலக்கறுப்பு மச்சங்கள். அவை ஒரே நேர்க்கோட்டிலும் ஒரே உயரத்திலும் இருந்தன. மச்சம் அப்படி முளைக்காது. கதிர்வீச்சு சிகிச்சையின்போது ஒவ்வொரு நாளும் உடம்பை அதே இடத்தில் கிடத்துவதற்காகப் பச்சை குத்தும் புள்ளிகள் அவை.

"முன்னாடி ஏதாவது பெரிய நோய்?" என்று கேட்டேன். இல்லை என்றார். கணவர் பக்கத்தில் இருந்தார்.

கூட வந்திருந்த அம்மாவுக்கு 79 வயது. 1860க்குப் பிறகு நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்தவர். பேச்சில் வட ஆற்காட்டு வாடை இன்னும் போகவில்லை. மகளுக்குத் தமிழ் அரைகுறை, மருமகனுக்குச் சுத்தமாகத் தெரியாது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்:

"தம்பி, அவளுக்குப் பத்தொம்பது வயசுல கழுத்துல கட்டி வந்துச்சு. கான்சருன்னாங்க. ரே வச்சாங்க. கல்யாணத்தப்ப நாங்க யாருக்கும் சொல்லல. நீ இங்கிலீஷ்ல சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. கணவரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடமே தனியாகக் கேட்டேன். ஆமாம் என்றார். அது குணமாகி முடிந்துபோன விஷயம், இப்போதைய மூச்சுத்திணறலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் கேள்வி. இத்தனை ஆண்டுகளில் எந்த மருத்துவரும் அதைக் கேட்டதில்லையாம். ஒளித்ததற்குக் குடும்பக் காரணம் இருந்தது உண்மைதான். ஆனால் படிவத்தில் ஷுகர், பிரஷர், ஆஸ்துமா என்று கட்டம் இருக்கிறதே தவிர, நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியதுண்டா என்று ஒரு கட்டம் இல்லை.

பழைய சிகிச்சையைத் திரும்பக் கட்டியது

1988ல் நடந்தது. மருத்துவமனைகள் இனவாரியாகப் பிரிந்து கிடந்த காலம். அரசு மருத்துவமனைகள் எல்லாருக்கும் திறந்தது 1990ல். சிகிச்சை தந்த இடத்தில் ஏடு இல்லை. இங்கே நோயாளி கடைசியாக வந்துபோனதிலிருந்து ஆறு ஆண்டுகள் ஏட்டை வைத்திருந்தால் போதும் என்பது வழக்கமான வழிகாட்டல். முப்பத்தாறு ஆண்டு கழித்து இதயம் கெடும் நோய்க்கு ஆறு ஆண்டு ஏடு எதற்கு ஆகும்?

ஆகவே அம்மாவின் நினைவுதான் ஏடு. அவரிடம் நிதானமாகக் கேட்டால் எல்லாம் வந்தது. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமைத் திருவிழா முடிந்த மறுவாரம் ஆரம்பித்தார்கள். சனி ஞாயிறு தவிர தினமும், ஏறத்தாழ ஒரு மாதம். அப்படியானால் இருபது தடவை அளவில். "முடி கொட்டிச்சா?" என்றேன். "தலையெல்லாம் இல்ல தம்பி. பின்னங்கழுத்துக்கு மேல மட்டும். அடி ஜடை பின்ன முடியாம போச்சு." கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றினார்களா? இல்லவே இல்லை. தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மூன்று பதில்களும் ஆய்வகச் சீட்டுக்குச் சமம். பின்னங்கழுத்துக்கு மேலே மட்டும் முடி உதிர்வதும், விழுங்க முடியாமல் தொண்டை எரிவதும், ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்க் கணுப் புற்றுக்கு அன்று தந்த ‘மேன்டில்’ கதிர்வீச்சின் தடம். தாடைக்குக் கீழிருந்து கழுத்து, இரு அக்குள், நெஞ்சின் நடுப்பகுதி எல்லாவற்றையும் ஒரு மேலங்கி மூடுகிற அளவுக்கு ஒரே வீச்சில் அடிப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லான் முதலானோர் வளர்த்தெடுத்த முறை. அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த நோயைக் குணமாகும் நோயாக மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வழக்கமான அளவு 35 முதல் 45 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). நுரையீரலைக் காரீயக் கட்டிகளால் மறைப்பார்கள். இதயத்தின் மேற்பாதியை மறைக்க வழியில்லை, ஏனென்றால் நோய்பட்ட நிணநீர்க் கணுக்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. மருந்து ஏற்றவில்லை என்பதும் முக்கியம். டாக்சோருபிசின் என்ற மருந்தும் இதயத் தசையைக் கெடுக்கும். கதிர்வீச்சோடு அதுவும் சேர்ந்தால் சேதம் கூடும். இவருடைய இதயத்தில் பழைய சிகிச்சை விட்ட தடம் கதிர்வீச்சு ஒன்றினுடையதே.

சரியான கிரே கணக்கு எங்களிடம் இல்லை. அதிக அளவு வாங்கியவர் என்றே வைத்து மேலே போனோம்.

சோதனைகள்

ஈ.சி.ஜி.யில் வலது கிளை மின்தடை. தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். 14, கழுத்தில் பட்ட கதிர் தைராய்டைத் தீர்த்திருந்தது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். லிட்டருக்கு 3.9 மில்லிமோல். அதில் ஒரு பங்கு தைராய்டின் குறைவால் ஏறியது.

எக்கோவை நாங்களே மறுபடி எடுத்தோம். மகாதமனி வால்வு தடித்துச் சுண்ணாம்பேறி, சராசரி அழுத்த வேறுபாடு 27 மி.மீ., திறப்பு 1.2 சதுர செ.மீ.: நடுத்தரச் சுருக்கம், கூடவே கொஞ்சம் கசிவு. இதயத்தின் இரண்டு இடது அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வும் தடித்திருந்தது. ஆனால் எங்கே தடித்திருந்தது என்பதில்தான் விடை. ருமாட்டிக் நோய் மைட்ரல் இதழ்களின் நுனியைப் பிடித்து, இதழ்கள் சேரும் ஓரங்களை ஒட்டவைக்கும். இவருக்கு நுனிகள் மெல்லிசாகவே இருந்தன, ஓரங்கள் ஒட்டவில்லை. அடிப்பகுதியும், மகாதமனி வால்வுக்கும் மைட்ரல் வால்வுக்கும் நடுவே திரைபோல இருக்கும் இழைப்பகுதியும் கெட்டியாகிச் சுண்ணாம்பு படிந்திருந்தன. அந்தத் திரை கெட்டியாவது கதிர்வீச்சு இதய நோயின் கையெழுத்து என்றே சொல்லலாம். இதயத்தின் தள்ளுதிறன் 56 விழுக்காடு, சரி. விரிந்து நிரம்புவதில்தான் குறை. இதய உறை இறுகியதற்கான அடையாளம் இல்லை.

வலது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம். இதயத்துக்கு இரத்தம் தரும் இடது முதன்மைத் தமனியின் வாயில் 60 விழுக்காடு அடைப்பு, வலது தமனியின் வாயில் 85 விழுக்காடு. வாயைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நாளங்கள் சுத்தம். ஷுகர்க்காரர்களின் நாளங்களை நாள்தோறும் பார்க்கிறவர்கள் இந்தப் படத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்: ஷுகர் பெரும்பாலும் நெடுக அரித்துக்கொண்டு போய்ச் சிறு கிளைகள் வரை நாசம் செய்யும். வாயை மட்டும் நெரித்துவிட்டு மற்றதை விட்டுவைக்காது. இரு தமனிகளின் வாயும் மகாதமனியின் அடிவேரில், மார்பெலும்புக்குப் பின்னால், 1988ன் வீச்சு முழுதாக விழுந்த இடத்தில் இருக்கின்றன.

கைகளுக்கு இடையே அழுத்தம் வேறுபட்டதற்கும் காரணம் கிடைத்தது. இடது கைக்குப் போகும் தமனி, காரை எலும்புக்குக் கீழே 70 விழுக்காடு சுருங்கியிருந்தது. சி.டி.யில் ஏறுமகாதமனியின் சுவரில் சுண்ணாம்புத் திட்டுகள். நுரையீரல் வாயு உறிஞ்சும் திறன் 55 விழுக்காடு.

வலி ஏன் வரவில்லை? கதிர்வீச்சு இதயத்தின் நரம்புகளையும் தொடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 96 ஓடுவதும், இரத்தம் போதாத தசை வலிக்காமலே இருப்பதும் ஒரே சேதத்தின் இரண்டு முகங்கள். ஷுகராலும் இப்படி ஆகலாம்; இவருடைய ஷுகரின் வயதும் அளவும் அதற்குப் போதாது என்பது என் கணிப்பு.

கதிர் என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது

இதயத் தசைச் செல் அடிக்கடி பிளவுபடாதது, அதனால் கதிர்வீச்சை அது தாங்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். தசை தாங்கலாம், நாளங்களின் உள்சுவர்ச் செல்கள் தாங்குவதில்லை. அடிபட்ட உள்சுவர் அழற்சியில் நிற்கும். இரத்தக் கொழுப்பு உள்ளே புகும், நார்த்திசு வளரும், தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் ஒவ்வொன்றாகக் குறையும். நிகழும் வேகம் மிக மெதுவானது என்பதால் சிகிச்சை தந்தவர் ஓய்வு பெற்ற பிறகுதான் விளைவு வெளியே வருகிறது.

எவ்வளவு என்பதற்கு இரண்டு நல்ல ஆதாரங்கள் உண்டு. 2013ல் வெளியான ஆய்வில் சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 2168 பெண்களைப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போன சராசரி அளவில் ஒவ்வொரு கிரேக்கும் பெரிய இதயத் தமனி நிகழ்வுகள் 7.4 விழுக்காடு கூடின. இதற்குக் கீழே பயமில்லை என்று சொல்லக்கூடிய எல்லை தென்படவில்லை. முதல் ஐந்தாண்டுக்குள்ளேயே கூடத் தொடங்கி, இருபதாண்டு தாண்டியும் நீடித்தது. பிறகு நெதர்லாந்தில் ஹாட்ஜ்கின் நோயிலிருந்து பிழைத்தவர்களைக் கணக்கிட்டபோதும் கிரேக்கு அதே 7.4 விழுக்காடு வந்தது. வேறு நோய், வேறு வயது, வேறு அளவு, எண் ஒன்று. அதே நாட்டில் 1965 முதல் 1995 வரை சிகிச்சை பெற்ற 2524 பேரை நீண்டகாலம் பின்தொடர்ந்ததில், நாற்பதாண்டு முடிவில் பாதிப்பேருக்கு ஏதாவதொரு இதய நாள நோய் வந்திருக்கும் என்று தெரிந்தது. பாதிப்பேர் என்பதை மறுபடி படியுங்கள். எங்கள் ஆசிரியை முப்பத்தாறாவது ஆண்டில் நிற்கிறார்.

குண்டு விழுந்த ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்த 86,611 பேரின் 1950–2003 கணக்கிலும் கிரேக்கு இதய நோய் மரணம் 14 விழுக்காடு கூடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வாங்கியது ஒரு கிரேக்கும் கீழே. இவற்றையெல்லாம் வைத்து, பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011ல் இதயத்துக்கும் மூளை நாளங்களுக்கும் 0.5 கிரே என்று ஒரு வாசலை (பாதிப்பு தொடங்கும் அளவை) குறித்தது. அரை கிரேக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரு மார்பு எக்ஸ்ரேயின் அளவு ஒரு கிரேயில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. எக்ஸ்ரேக்குப் பயந்து இருமலோடு அலைகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை துணையாகக் கூடாது என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

என்ன செய்தோம்

இடது முதன்மைத் தமனியும் வலது தமனியும் அடைத்து, வால்வும் கெட்டிருந்தால் பாடப்புத்தகம் நெஞ்சைத் திறக்கச் சொல்லும்: பைபாஸ், கூடவே வால்வு மாற்று, ஒரே நாளில். எங்கள் கூட்டத்தில் அறுவை மருத்துவர் அதற்காகவே வாதாடினார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. கதிர்பட்ட நெஞ்சை இரண்டாம் முறை திறப்பது முதல் முறையைவிட ஆபத்து, ஆகவே திறந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்க வேண்டும்.

ஆனால் பைபாஸுக்கு வேண்டிய சிறந்த குழாய், மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் இடது உள்மார்புத் தமனி. அது கிளைக்கும் தாய்த்தமனிதான் 70 விழுக்காடு சுருங்கியிருந்தது. அதுவும் அதே வீச்சில் வெந்த குழாய். மகாதமனியைக் கிடுக்கி போட்டு மூடினால் சுண்ணாம்புத் துணுக்கு மூளைக்குப் போகலாம். கதிர்பட்ட எலும்பு சேரத் தயங்கும். நுரையீரலோ பாதி. வால்வு இன்னும் கடுமையாகவில்லை.

அதனால் பிரித்துச் செய்தோம். முதலில் வலது தமனியின் வாய்க்கு ஒரு ஸ்டென்ட். சில வாரம் கழித்து, நாளத்துக்குள் அல்ட்ராசவுண்ட் விட்டு அளந்து (குறுகலான இடம் 4.7 சதுர மி.மீ.) இடது முதன்மைத் தமனியின் வாய்க்கு இன்னொன்று. சுண்ணாம்பேறிய வாய் எளிதில் விரியவில்லை. பலூனை அதிக அழுத்தத்தில் ஊத வேண்டியிருந்தது. இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்க முழு அளவு ஸ்டாட்டின், சிறு அளவில் ஆரம்பித்த தைராக்சின். நெஞ்சில் இரத்தம் குறைவாக ஓடும் ஒருவருக்குத் தைராக்சினை எடுத்த எடுப்பில் முழு அளவில் கொடுத்தால் இதயமே முதலில் தள்ளாடும், ஆகவே ஸ்டென்டுக்குப் பிறகுதான் அளவை ஏற்றினோம். வால்வு கடுமையானால் தொடை வழியாக மாற்றுவது. நெஞ்சைத் திறக்கப் போவதில்லை.

முப்பது வயதுக்குள் நெஞ்சில் கதிர் வாங்கிய பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடும். சிகிச்சை முடிந்து எட்டாண்டிலிருந்தே ஆண்டுதோறும் மாமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் பார்க்க வேண்டும். இவருக்கு ஒருமுறைகூட நடக்கவில்லை. எடுத்தோம், ஒன்றுமில்லை. இதயத்துக்கும் இப்படியொரு கால அட்டவணை உண்டு: அதிக ஆபத்துள்ளவர்களுக்கு ஐந்தாண்டிலிருந்து, மற்றவர்களுக்குப் பத்தாண்டிலிருந்து எக்கோ. அதிக அளவு வாங்கியவர் என்பதால் இந்த அட்டவணைப்படி இவருக்கு 1993லேயே முதல் எக்கோ நடந்திருக்க வேண்டும்.

தங்கை

இடையில் தங்கை வந்தார். 51 வயது. இடது மார்பகப் புற்று, கட்டியை மட்டும் எடுத்திருந்தார்கள், அடுத்தது கதிர்வீச்சு. அக்காவின் ஆஞ்சியோகிராம் கதை வீட்டில் பரவியதும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். "அக்காவுக்கு ஆனதப் பார்த்த பிறகும் போய்ப் படுக்கச் சொல்றீங்களா டாக்டர்?"

கேள்வி நியாயமானது, பதில் எண்ணில்தான் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்த பிறகு கதிர்வீச்சு தந்தால், பத்தாண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு 35 விழுக்காட்டிலிருந்து 19 ஆகக் குறைகிறது. பதினைந்தாண்டில் மார்பகப் புற்றால் இறப்பது 25லிருந்து 21 ஆக. இது பல்லாயிரம் பெண்களின் சோதனைகளைத் திரட்டி 2011ல் வந்த கணக்கு. இன்னொரு தட்டில்: வேறு இதய ஆபத்து இல்லாத ஐம்பது வயதுப் பெண்ணின் இதயத்துக்கு 3 கிரே போனால், எண்பது வயதுக்குள் இதயத் தமனி நோயால் இறப்பது 1.9லிருந்து 2.4 விழுக்காடாகிறது. தங்கைக்கும் லேசான ஷுகர் உண்டு, அப்பாவின் மாரடைப்பும் உண்டு. அவர் கணக்கு இதைவிட மேலே. அப்போதும் தராசு சிகிச்சைப் பக்கமே சாய்கிறது.

இதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். மனம் மாறியது எண்ணால் அல்ல, மூச்சால் என்று நினைக்கிறேன். ஆழமாக மூச்சிழுத்து அடக்கினால் நுரையீரல் விரிந்து இதயத்தை மார்புச் சுவரிலிருந்து பின்னுக்குத் தள்ளும். கதிர் அந்தச் சில நொடிகள் மட்டும் பாயும். திட்டமிடும் சி.டி.யை இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டினார்கள். சும்மா மூச்சுவிட்டால் இதயத்துக்குச் சராசரி 3.8 கிரே, அடக்கினால் 1.5. தினமும் காலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சடக்கிப் பழகினாராம். அம்மா பக்கத்திலிருந்து எண்ணுவாராம்.

சிகிச்சையை முடித்துவிட்டார். தொடங்கும் முன்பே ஸ்டாட்டின் ஆரம்பித்தாயிற்று. இதயத்துக்குப் போன அளவை எழுதிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, ஒன்றைக் குடும்ப மருத்துவரிடமும் ஒன்றைத் தன்னிடமும் வைத்திருக்கிறார்.

அக்கா ஓராண்டுக்குப் பிறகு பள்ளியின் மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறார். வால்வின் அழுத்த வேறுபாடு 27லிருந்து 31. அடுத்த எக்கோ ஆறு மாதத்தில். கணவரிடம் அவரே சொல்லிவிட்டார். இப்போது சோதனைகளுக்கு இருவரும் சேர்ந்தே வருகிறார்கள்.